பேத்துப்பாறைக்கு எந்தப் பந்தய சைக்கிள்?

கொடைக்கானல் நகரிலிருந்து பேத்துப்பாறை மலைக்கிராமத்துக்குப் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். வத்தலக்குண்டிலிருந்தோ பழனியிலிருந்தோ மிதித்து மேலே வருகிறவர்களின் கணக்கு வேறு. உடம்பில் தெம்பு இருக்கும்போதே ஏறி முடித்துவிடுவார்கள். களைத்த பிறகு இறக்கம் அவர்களைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வில்பட்டி, பள்ளங்கி இருக்கும் வடசரிவில் இறங்கிப் பேத்துப்பாறைக்குப் போகிறவர்கள், காலைக் குளிரில் விரல்கள் விறைத்திருக்கும்போதே பிரேக்கை நம்பி இறங்க வேண்டும். பகல் முழுக்கச் சுற்றிய காலோடு, இருட்டுவதற்குள் ஏறி வர வேண்டும். சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டூர் டி பிரான்ஸ் மலைக் கட்டங்களைக் கைபேசியில் பார்த்துவிட்டு, அதே மாதிரி சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடைக்கானல் மலையில் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர்கள் இன்று திண்டுக்கல், மதுரை, கோவை எங்கும் இருக்கிறார்கள். அது நல்ல ஆசை. தொழில்முறைப் பந்தய சைக்கிள் நூறாண்டுக்கு மேலாக மலைகளில் அடிபட்டு, உடைந்து, திருத்தப்பட்டு உருவான பொருள். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை நிறைய. ஆனால் அது மூடிய சாலையில், பின்னால் உதிரிச் சைக்கிளோடு ஒரு கார் வர, நாலு மணி நேரம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. பேத்துப்பாறையிலிருந்து திரும்பும் உங்களுக்குப் பின்னால் கார் வராது. எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்விக்கு இந்த அத்தியாயத்தில் நான் சொல்லும் பதில்களெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருபவை.

பந்தய சைக்கிள் என்பது என்ன

உலகச் சாலைப் பந்தயங்களுக்கான விதிகளை சர்வதேச சைக்கிள் ஒன்றியம், சுருக்கமாக யுசிஐ, வகுக்கிறது. சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது. 2000ஆம் ஆண்டிலிருந்து இதுதான் விதி. சக்கரத்தின் விட்டம் டயரோடு சேர்த்து 55 முதல் 70 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஃபிரேம் நமக்குப் பழகிய முக்கோண வடிவத்திலேயே இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக்குக்குப் பல ஆண்டு வாக்குவாதத்துக்குப் பிறகு 2018இல்தான் சாலைப் பந்தயத்தில் முழு அனுமதி கிடைத்தது.

வாசகருக்கு மிகவும் பயன்படும் விதி இன்னொன்று. பந்தயத்தில் ஓடும் சைக்கிள், பொதுமக்கள் வாங்கக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். ஃபார்முலா ஒன் காரை நாம் வாங்க முடியாது; ஆனால் டடேய் பொகச்சார் ஓட்டும் கொல்னாகோவையோ, யோனாஸ் விங்கெகார்ட் ஓட்டும் செர்வேலோவையோ பணம் இருந்தால் எவரும் வாங்கலாம். இந்தியாவில் அப்படிப்பட்ட முழுச் சைக்கிளின் விலை 10 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. இந்த விதியின் பலன் விலை குறைந்த சைக்கிள்களுக்கும் வந்து சேர்கிறது. ஷிமானோ நிறுவனம் பந்தய வீரர்களுக்காக டூரா-ஏஸ் கியரில் கொண்டுவரும் அமைப்பு சில ஆண்டுகளில் 105 வரிசைக்கும், பிறகு டியாக்ரா, சோரா, கிளாரிஸ் வரிசைகளுக்கும் இறங்கி வந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் பெரிய ஊர்களில் கடை வைத்திருக்கும் டெகாத்லான் நிறுவனத்தின் வான் ரைசல் சைக்கிள்களில் 2024 முதல் ஒரு முன்னணி ஐரோப்பிய அணியே டூர் டி பிரான்ஸ் ஓடுகிறது.

பந்தயத்துக்குள்ளேயே ரகங்கள் உண்டு. மலையேற்றத்துக்கு எடை குறைந்த ரகம், சமதளத்துக்குக் காற்றைக் கிழிக்கும் ஏரோ ரகம், கற்பாதைக்கு அதிர்ச்சி தாங்கும் என்டியூரன்ஸ் ரகம், தனியாளாக நேரத்தோடு போட்டி போடுவதற்கு டைம் டிரையல் ரகம். முதல் இரண்டும் இப்போது ஒன்றாகிவருகின்றன. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 2020இல் தன் ஏரோ சைக்கிளை நிறுத்தி டார்மாக்கோடு சேர்த்தது. டிரெக் நிறுவனம் 2024இல் எமோண்டாவை மடோனுக்குள் கரைத்தது. டைம் டிரையல் ரகத்தை மலைச்சாலைக்குக் கொண்டுவரவே வேண்டாம். முழங்கையை ஊன்றிப் படுத்திருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது.

கியர்: முதலில் இதைப் பாருங்கள்

சைக்கிள் கடைக்குப் போனால் எல்லோரும் ஒரு விரலால் தூக்கிப் பார்த்து எடையைத்தான் சோதிக்கிறார்கள். நான் சொல்வது, முதலில் பல்லை எண்ணுங்கள். பெடலோடு சேர்ந்த முன் பல்சக்கரங்களில் சிறியது எத்தனை பல், பின்னால் கேசட்டில் பெரியது எத்தனை பல் என்ற இரண்டு எண்கள்தான் நீங்கள் மிதித்தே மேலே வருவீர்களா, தள்ளிக்கொண்டு வருவீர்களா என்பதைத் தீர்மானிக்கின்றன.

கணக்கு எளிது. 28 மில்லிமீட்டர் டயர் போட்ட 700 அளவுச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.14 மீட்டர் ஓடும். முன்னால் 34, பின்னால் 34 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று. நூறு மீட்டர் போனால் பத்து மீட்டர் உயரும் 10 சதவீத ஏற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து 80 கிலோ எடை உள்ள ஒருவர், நாள்தோறும் ஓட்டிப் பழகியவர், அந்த ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறக்குறைய 190 வாட் தர வேண்டும். அதுவே கடினமான வேலை. அந்த வேகத்தில் 34-34 கியரில் நிமிடத்துக்கு 62 முறை மிதிப்பார். முழங்கால் தாங்கும்.

அதே ஆளைத் தொழில்முறை வீரரின் சைக்கிளில் உட்கார வையுங்கள். இன்றைய வீரர்கள் பலர் முன்னால் 54-40 பல் வைத்திருக்கிறார்கள். பின்னால் 30 பல் என்று வைத்தால் நம்மவர் நிமிடத்துக்கு 47 முறைதான் சுற்ற முடியும்; ஒவ்வொரு மிதியும் படியேறுவதுபோல் இருக்கும். ஆனால் அதே ஏற்றத்தில் டூரின் முன்வரிசை வீரர் மணிக்கு 17 கிலோமீட்டர் போகிறார். அதே கியரில் அவர் கால் நிமிடத்துக்கு நூறு முறை சுற்றும். அவருக்கு அந்தக் கியர் சுகமானது, நமக்கு அது முழங்காலுக்குக் கேடு. வீரர்களின் பல் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

44 பல் முன்சக்கரமும் 18 பல் ஃபிரீவீலும் உள்ள நம் ஊர்ச் சைக்கிளுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் நிமிடத்துக்கு 25 சுற்று வருகிறது. அதாவது உட்கார்ந்து மிதிக்கவே முடியாது. பால் கேனோடு அதை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போனவர்களுக்குப் பலம் போதாமல் இல்லை, பல் அமைப்பு அப்படி. டூர் டி பிரான்ஸிலும் 1937 வரை கியர் மாற்றும் டெரெய்லருக்கு அனுமதி கிடையாது. அதற்கு முன் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பல்லில் சங்கிலியைப் போட்டு ஏறினார்கள்.

ஆகவே பேத்துப்பாறைக்கு என் சிபாரிசு: முன்னால் 50-34, பின்னால் 11-34. நாற்பது வயதைக் கடந்தவர்களும் பை கட்டிப் போகிறவர்களும் 11-36 கேசட் போட்டுக்கொள்ளலாம். ஷிமானோ 105 பன்னிரண்டு கியர் அமைப்பில் அது கிடைக்கிறது. பழைய பந்தய சைக்கிளை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால், அதில் பெரும்பாலும் 53-39 பல்லும் பின்னால் 25 பல்லும் இருக்கும். வாங்கலாம், ஆனால் பல் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பின்னால் உள்ள டெரெய்லர் எவ்வளவு பெரிய பல்லைத் தாங்கும் என்பதை மெக்கானிக்கிடம் முதலிலேயே கேளுங்கள்; பழைய குட்டை டெரெய்லர்கள் பல 28 பல்லோடு நின்றுவிடும்.

மின்சாரக் கியர் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. தொழில்முறை அணிகள் எல்லாமே அதற்கு மாறிவிட்டன. விரல் நுனியில் சுத்தமாக மாறும், மழையிலும் வேலை செய்யும். அதில் எனக்குக் குறையே தெரியவில்லை. ஆனால் கேபிள் அறுந்தால் கையிலிருக்கும் புதுக் கேபிளைப் போட்டுக்கொண்டு ஊர் வந்து சேரலாம். பேட்டரி தீர்ந்தால் சாலையோரத்தில் வழி இல்லை. மலைக்கிராமங்களுக்குப் போகிறவருக்கு கேபிள் கியரே போதும்.

எடை: இவ்வளவுதான் அதன் மதிப்பு

அடிவாரத்தில் காட்ரோடு பக்கம் தொடங்கி டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானல் வரை ஏறினால் உயரம் ஏறக்குறைய 1,800 மீட்டர் கூடும். ஒரு கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்க ஆகும் சக்தியை, ஏற்றத்துக்காகவே 130 வாட் தரும் ஒருவரின் நேரமாக மாற்றினால் இரண்டே கால் நிமிடம் வருகிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஏற்றத்தில் ஒரு கிலோவின் மதிப்பு இரண்டே கால் நிமிடம். 6.8 கிலோ கார்பன் சைக்கிளுக்கும் 9.5 கிலோ அலுமினியச் சைக்கிளுக்கும் இடையே ஆறு நிமிடம். பந்தயத்தில் ஆறு நிமிடம் என்பது பட்டத்தையே தீர்மானிக்கும். 1989 டூரை கிரெக் லெமாண்ட் எட்டு வினாடி வித்தியாசத்தில் வென்றார். உங்களுக்கும் எனக்கும் ஆறு நிமிடம் என்பது பெருமாள்மலையில் ஒரு டீ குடிக்கும் நேரம். அந்த நேரத்துக்காக எட்டு ஒன்பது லட்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

டயர்: கற்பாதைப் பந்தயத்தைப் பாருங்கள்

மலை என்றதும் எல்லோருக்கும் ஆல்ப்ஸ் நினைவு வருகிறது. பேத்துப்பாறைக்குப் போகிறவர் பார்க்க வேண்டிய பந்தயம் பாரிஸ்-ரூபே. 1896இல் தொடங்கிய அந்த ஒருநாள் பந்தயத்தில் இன்றும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கரடுமுரடான கற்பாதை வருகிறது. கொடைக்கானல் பெரிய சாலையின் தார் நன்றாக இருக்கும் நாட்களில்கூட, கிராமங்களுக்குப் பிரியும் சாலைகள் ஒடுங்கியவை. ஓரம் உடைந்திருக்கும், மழைக்குப் பிறகு வளைவில் மண்ணும் சரளையும் வந்து படியும். தோட்டத்திலிருந்து மூட்டை ஏற்றி வரும் ஜீப்புக்கு ஒதுங்கினால் சக்கரம் தாரை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். கார் வசதிக்காகச் சரிவைக் குறைத்து நீளமாகப் போட்ட காட் ரோட்டை ஓட்டிப் பார்த்து, கிளைச்சாலைகளும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வீரர்கள் 23 மில்லிமீட்டர் டயரை 110, 120 பிஎஸ்ஐ வரை காற்றடித்து ஓட்டினார்கள். இறுக்கமான டயர் வேகமானது என்ற நம்பிக்கை அது. கண்ணாடிபோல் வழுவழுப்பான தளத்தில் அது உண்மை. நிஜச் சாலையில் இறுகிய டயர் ஒவ்வொரு சின்ன மேட்டிலும் ஓட்டுபவரையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. தூக்கிப் போடும் சக்தி உங்கள் காலிலிருந்தே போகிறது. இதை அளந்து பார்த்த பிறகு அணிகள் 25க்கும், பிறகு 28க்கும் போயின. இப்போது 30 மில்லிமீட்டரும் சாதாரணமாகிவிட்டது. 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ரூபேயை வென்ற மத்யூ வான் டெர் போல், அதற்கெனத் தனி ஃபிரேம் எடுக்காமல் தன் ஏரோ சைக்கிளிலேயே அகன்ற டயர் போட்டு ஓட்டினார். ஃபிரேமின் பெயரைவிட டயரின் அகலம் முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பேத்துப்பாறைக்கு 32 மில்லிமீட்டர் போடுங்கள். வாங்கும்போதே ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் அந்த அகலத்துக்கு இடம் இருக்கிறதா, இரு பக்கமும் சில மில்லிமீட்டராவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இடமில்லாத சைக்கிளை நான் வாங்கமாட்டேன், எவ்வளவு அழகாக இருந்தாலும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 32 டயரில் 55 பிஎஸ்ஐ நல்ல தொடக்கம். ட்யூப் இல்லாத டயரானால் சற்றுக் குறைக்கலாம், கனமானவர்கள் கூட்டலாம். சமவெளியில் அடித்த காற்று மேலே போனதும் மாறுமா என்று கேட்பார்கள். உயரம் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயர் இறுகுகிறது. குளிர் அதைத் தளர்த்துகிறது. இரண்டும் சேர்ந்து ஓரிரு பிஎஸ்ஐதான் வேறுபடும். காலையில் அறையை விட்டுக் கிளம்பும்போது ஒருமுறை பார்த்தால் போதும்.

பந்தய சைக்கிளின் ட்யூப் வால்வு மெல்லியது. ஊர்ச் சைக்கிள் கடைப் பம்பு அதில் பொருந்தாது. வால்வு மேல் திருகும் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் வையுங்கள். விரல் நுனி அளவுள்ள அந்தப் பொருள் இருந்தால் எந்தக் கடையிலும் காற்றடித்துக்கொள்ளலாம்.

பிரேக்கும் இறக்கமும்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

பிரேக் பிடிப்பது என்றால் ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவது. 80 கிலோ எடை 1,800 மீட்டர் இறங்கும்போது விடுபடும் சக்தி ஏறக்குறைய 14 லட்சம் ஜூல். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சம் பிரேக்கில் சூடாக இறங்கும். மெதுவாகப் போகிறவருக்குக் காற்று உதவுவது குறைவு, ஆகவே பயந்து பயந்து இழுத்துப் பிடித்தபடியே இறங்குபவரின் பிரேக்தான் அதிகம் சூடேறும். ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக்கும் கார்பன் ரிம்மும் சேர்ந்த சைக்கிளில், அந்தச் சூடு ரிம்மின் பசையையே இளக்கிவிடக் கூடும். அந்தச் சேர்க்கையைக் காட் ரோட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ரிம் பிரேக்தான் இருக்கிறது என்றால் அலுமினிய ரிம் போடுங்கள், அது தாங்கும்.

புதிதாக வாங்குகிறவர்கள் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வாங்குங்கள். ஈரத்திலும் ஒரே மாதிரி பிடிக்கிறது, இரண்டு விரல் போதும்; விறைத்த கைக்கு இது பெரிய உதவி. கிளம்புவதற்கு முந்தைய நாள் பேடைப் பாருங்கள். ஷிமானோ பேடில் உரசும் பொருள் 0.5 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியாக வேண்டும்; டிஸ்க் தகடு 1.5 மில்லிமீட்டருக்கு மெலிந்தால் அதையும். நான் அந்த எல்லை வரை காத்திருக்கச் சொல்லமாட்டேன். மழைநாளில் சேறு கலந்த தண்ணீர் ஒரே பயணத்தில் பேடைப் பாதியாக்கிவிடும். ஒரு ஜோடி பேடு பையில் இருக்கட்டும்.

இறங்கும் முறை: கொண்டை ஊசி வளைவுக்கு முன், சைக்கிள் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து முடித்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக் பிடிக்காதீர்கள். வளைவு முடிந்ததும் விட்டுவிடுங்கள், பேடும் தகடும் ஆறட்டும். கை எப்போதும் ஹேண்டிலின் கீழ்வளைவில். மேலே பிடித்தால் பள்ளத்தில் கை நழுவும். வளைவில் உள்பக்கப் பெடல் மேலே, வெளிப்பக்கப் பெடல் கீழே, எடை அதன் மேல். டிவியில் வீரர்கள் சாலையின் முழு அகலத்தையும் எடுத்து வளைவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு எதிரே வண்டி வராது என்ற உத்தரவாதம் உண்டு. நமக்கு எதிரே பஸ் வரும். உங்கள் இடப்பக்கத்தை விட்டு ஒரு சாணும் போகாதீர்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை; இறங்கும் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

தொழில்முறை வீரர்களும் இறக்கத்தில் விழுகிறார்கள். 1995 டூரில் ஃபாபியோ கசர்டெல்லி பிரனீஸ் மலை இறக்கம் ஒன்றில் விழுந்து இறந்தார். அவர் தலையில் ஹெல்மெட் இல்லை. 2003இல் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் ஆந்திரே கிவிலெவ் இறந்த பிறகுதான் யுசிஐ ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. இவ்வளவு பெரிய விலை கொடுத்து அவர்கள் கற்றதை நாம் ஒரு கடைக்குப் போய்ச் சில ஆயிரம் ரூபாயில் வாங்கிக்கொள்ளலாம். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் போடுங்கள்.

உட்காரும் அமைப்பும் செருப்பும்

வீரர்களின் ஹேண்டில் சீட்டைவிட வெகு தாழ்வாக இருக்கும். காற்றை ஏமாற்ற அது தேவை. இடுப்பும் முதுகும் வளைந்து பழகிய உடம்பு அது. நமக்கு ஹேண்டில் சீட்டின் உயரத்திலோ சற்றே கீழோ இருந்தால் போதும். என்டியூரன்ஸ் ரக ஃபிரேம்கள் இதற்கென்றே முன்பக்கம் உயர்ந்தவை. ஃபாபியன் கன்சலாரா 2013இல் ரூபேயை வென்ற டிரெக் டொமானே அந்த ரகம்தான், ஆகவே அது கிழவர்களின் சைக்கிள் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

காலணியைப் பெடலில் பூட்டும் அமைப்பை லுக் நிறுவனம் 1984இல் கொண்டுவந்தது. மறு ஆண்டு பெர்னார் இனோ அதோடு டூரை வென்றார். மூன்று திருகாணி போட்ட அந்தப் பந்தயக் காலணியின் அடியில் துருத்தும் பிளாஸ்டிக், பாறையில் வழுக்கும். பேத்துப்பாறைக்குப் போகிறவர்கள் அஞ்சுவீடு அருவிப் பக்கம் இறங்கி நடக்காமல் வருவதில்லை. மவுண்டன் சைக்கிள்காரர்கள் போடும் இரண்டு திருகாணிக் காலணியை வாங்குங்கள், அடி ரப்பராக இருக்கும், நடக்கலாம். அருவிப் பாறைகளில் மட்டும் அதையும் நம்ப வேண்டாம். அங்கே பலர் உயிரிழந்திருக்கிறார்கள்.

பின்னால் கார் இல்லாதவரின் பை

பிரனீஸ் மலையில் உள்ள டூர்மலே கணவாயின் உயரம் 2,115 மீட்டர். கொடைக்கானலின் 2,133 மீட்டரோடு ஏறக்குறைய ஒன்று. 1913 டூரில் அந்தக் கணவாயிலிருந்து இறங்கும்போது யூஜீன் கிறிஸ்டோஃப் என்ற வீரரின் முன் ஃபோர்க் உடைந்தது. யாரும் உதவக்கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைத் தோளில் சுமந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து, அடிவாரத்து சாந்த்-மாரி-த-கம்பான் கிராமத்துக் கொல்லன் பட்டறைக்குப் போனார். அங்கே தன் கையாலேயே நெருப்பில் காய்ச்சி அடித்து ஃபோர்க்கை ஒட்ட வைத்தார். மணிக்கணக்கில் நேரம் போனது. பட்டறைச் சிறுவன் ஒருவன் துருத்தி ஊதிக் கொடுத்ததை உதவியாகக் கருதி, அதிகாரிகள் அதற்கும் தண்டனை நேரம் போட்டார்கள்.

இன்றைய வீரர் கையை உயர்த்தினால் அணிக் காரிலிருந்து புதுச் சைக்கிள் இறங்கும். மலைக்கிராமச் சாலையில் நீங்கள் இன்றைய வீரரைவிட 1913ஆம் ஆண்டு வீரருக்கே நெருக்கமானவர். ஆகவே: இரண்டு ட்யூப், பஞ்சர் ஒட்டும் பொருள், டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்பு, கைப்பம்பு, ஆலன் கீ தொகுப்பு, செயின் அறுந்தால் மாட்டும் இணைப்புத் துண்டும் செயின் கருவியும், ஒரு கியர் கேபிள், டெரெய்லர் தொங்கும் அலுமினியக் கொக்கியில் உங்கள் ஃபிரேமுக்கானது ஒன்று. கடைசியாகச் சொன்ன கொக்கியை யாரும் நினைப்பதில்லை. சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வடிவம் வேறு, மலையில் எங்கும் கிடைக்காது. சைக்கிள் வாங்கும் அன்றே ஒன்று கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். ரிம் கோட்டம் எடுக்க ஊர்க் கடைகளில் நல்ல கைகள் உண்டு. டிஸ்க் பிரேக் சக்கரத்தையும் ஸ்போக் பார்த்துச் சரிசெய்துவிடுவார்கள். பிரேக் எண்ணெய் விஷயத்துக்கு மட்டும் மதுரை, கோவை போன்ற பெரிய ஊர்களில் அந்த வேலை தெரிந்த கடைக்கே போங்கள்.

விளக்கும் மணியும் பந்தய சைக்கிளில் இருக்காது. நீங்களே மாட்ட வேண்டும். கொடைக்கானலில் பகல் இரண்டு மணிக்கும் மூடுபனி இறங்கும். பின்னால் சிவப்பு விளக்கு எப்போதும் எரியட்டும்.

வாங்குவது பற்றிச் சுருக்கமாக

அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், சோராவோ டியாக்ராவோ கியர், டிஸ்க் பிரேக், 32 டயருக்கு இடம். இதற்கு மேல் இந்த மலைக்குத் தேவையில்லை. அம்பத்தூரில் 1949இல் தொடங்கி ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் செய்து தமிழ்நாட்டை மிதிக்க வைத்த டிஐ சைக்கிள்ஸ், மான்ட்ரா என்ற பெயரில் சாலைச் சைக்கிள்களுக்கும் வந்தது. வெளிநாட்டுப் பெயர்களை மட்டும் தேட வேண்டியதில்லை. பழைய கார்பன் ஃபிரேம் வாங்கினால் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கலாம். தெரிந்தவர் கையில் கொடுத்துப் பார்க்காமல் பணம் தராதீர்கள்.

நம் மலைகளில் இந்த ஓட்டம் வளர்ந்துதான் வருகிறது. நீலகிரிக்கு 2008 முதல் பலநாள் சைக்கிள் பயணம் நடக்கிறது. 2026 ஜனவரியில் புனேயைச் சுற்றி யுசிஐ பட்டியலில் இடம்பெற்ற பலநாள் பந்தயமே ஓடியது. உயரப் பயிற்சிக்காக ஐரோப்பிய வீரர்கள் டெனெரிஃப் தீவின் டெய்டே எரிமலையில் சுமார் 2,150 மீட்டர் உயரத்தில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். கொடைக்கானலின் உயரமும் அதுதான். தமிழ்நாட்டுப் பந்தய வீரர்களுக்குப் பயிற்சி முகாம் இங்கே நடத்த எல்லாப் பொருத்தமும் இருக்கிறது. விளையாட்டுத் துறை இதைக் கவனிக்க வேண்டும்.

கிளம்பும் நாள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மண்சரிவும் வழுக்கலும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலா வண்டிகளின் நெரிசல். ஜனவரி முதல் மார்ச் வரை சைக்கிளுக்கு நல்ல காலம், காலைக் குளிருக்கு முழுக் கையுறையும் காற்றுத் தடுக்கும் மேல்சட்டையும் இருந்தால். சைக்கிளைக் காரில் ஏற்றி வருகிறவர்கள் காருக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இது நடைமுறையில் இருக்கிறது. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை இருப்பதால், சைக்கிளில் மாட்டும் இரண்டு குடுவைகளையும் தங்குமிடத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

பேத்துப்பாறை, கணேசபுரம், அஞ்சுவீடு பகுதிகளில் காட்டு யானைகள் தோட்டங்களுக்கு வருகின்றன. இறக்கத்தில் சைக்கிள் சத்தமே இல்லாமல் போகும். வளைவுக்கு அப்பால் நிற்கும் யானைக்கு நீங்கள் வருவது தெரியாது. குருட்டு வளைவுகளில் மணி அடியுங்கள். யானையைக் கண்டால் படம் எடுக்க நிற்காதீர்கள், வந்த வழியே திரும்புங்கள். காட்டுமாடு நின்றால் அது தானாக விலகும்வரை காத்திருங்கள். காதில் பாட்டு வேண்டாம்.

ஊருக்குள் போனதும் டீக்கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்றைக்கு யானை எந்தப் பக்கம், மேலே மழை இருக்குமா. காபித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் பளியர் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும் தெரிந்த அளவு எந்தக் கைபேசிக்கும் தெரியாது. அவர்கள் போக வேண்டாம் என்றால் போக வேண்டாம். எப்படியிருந்தாலும் மதியம் இரண்டு மணிக்குள் திரும்பும் ஏற்றத்தைத் தொடங்கிவிடுங்கள். கால் ஒத்துழைக்கவில்லை என்றால் கொடைக்கானல் போகும் பஸ்ஸிலோ ஜீப்பிலோ சைக்கிளை ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். இடம் இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள்.